காஜா பாயின் பாக்கெட்

மேலே காற்று அடங்கட்டும் என்று எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு சலனமும் இல்லை, கடற்கரைப் பனைகள் ஓலையைக்கூட ஆட்டாமல் நிற்பதைக் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் விமானம் பறக்கிற உயரத்தில் காற்று தாறுமாறாக இழுக்கிறது என்று பலூன் விட்டுப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள், அதனால் கவுண்ட்டவுன் நிற்கிறது, ராக்கெட் நிற்கிறது, நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். இந்த அறையின் ஏசி மனுஷர்களுக்காகப் போட்டதில்லை, கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது. ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால் எடுத்து வந்திருப்பேன். ஹெட்செட் இடது காதை நெரிக்கிறது, மாற்றி வைத்தால் வலது காதை நெரிக்கும். மேஜை மேல் என் பெயர்ப்பலகை, ஜெசிந்தா, லேண்டிங், ஏதோ விமானக் கம்பெனி வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. லேண்டிங் என்றால் என்ன அக்கா என்று மஸ்கட்டில் இருக்கிற தங்கச்சி ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள், நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ராக்கெட்டின் கீழ்த்துண்டு இருக்கிறதே, பூஸ்டர், அது மேல்துண்டை வானத்தில் தள்ளிவிட்டுத் திரும்பி வரும், கடலில் மிதக்கிற ஒரு இரும்பு மேடையில் நின்றபடியே இறங்கும், அதை இறக்குவது என் பாடு. முன்பெல்லாம் அதைக் கடலில் விழவிட்டுவிடுவார்கள், புது பஸ்ஸை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டுக் குளத்தில் தள்ளுகிற மாதிரி. சரி அக்கா, அது விழாம நிக்குமா என்று கேட்பாள். அதுதானே கேள்வி. மேல்துண்டு பிரிந்த மறு நொடி இந்த அறையின் கண்களெல்லாம் அதன் பின்னால் போய்விடும், செயற்கைக்கோள் போகிற பக்கம்தான் கைதட்டல். திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தவசியும் மட்டும்தான். தவசி கால் பிரிவு, பூஸ்டர் ஊன்றி நிற்கிற மடக்குக் கால்கள் அவன் பொறுப்பு, கோவில்பட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். இந்த வேலையில் நான் அதிகமாகப் பார்த்த மனித உறுப்பு தவசியின் பின்மண்டை.

காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். காலையில் கேண்டீனில் இட்லித் தட்டோடு வினோபா எதிரே வந்து உட்கார்ந்தான். எஞ்சின் பிரிவுக்குப் புதுத் தலைவன், காந்திகிராமத்துப் பையன், அப்பா சர்வோதயத்தில் இருந்தவராம், பெயரே சொல்லிவிடுகிறது. அவனுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த காஜா பாய் இறந்துபோனதற்கப்புறம் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிற ஒரே ஆள் அவன்தான், மற்றவர்கள் எல்லோரும் மேடம் மேடம் என்று தள்ளி நின்றே கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சட்னியில் காரமில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம், அதிலிருந்து எப்படியோ அங்கே போனது. "மேடம், காஜா சார் போட்டு வச்சிருந்த நம்பர்ல ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. தொட்டிக்கு அடியில உறிஞ்ச முடியாம தங்குற எரிபொருள்னு ரொம்பக் கூடப் போட்டிருந்தாரு. டெஸ்ட்ல பார்த்தா அவ்வளவு தங்கவே இல்ல. சரி பண்ணிட்டேங்க" என்றான். சரி பண்ணி என்ன செய்தீங்க என்று கேட்டேன், சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஏறுற கணக்குல சேர்த்தாச்சுங்க. சேட்டிலைட் கனத்துப் போச்சுன்னு தாணு சார் தவிச்சுக்கிட்டிருந்தாருல்ல. இருக்கறத எதுக்கு மேடம் ஒளிச்சு வைக்கணும்?" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் மாதிரி. நான் சிரித்தேன், நல்லது வினோபா என்றேன், எழுந்து போய்க் கை கழுவினேன். கை கழுவும்போதுதான் அவன் சொன்னது உறைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அவன் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டிருந்தான், நான் பாதியில் விட்ட இட்லியோடு சேர்த்து.

யாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது. எங்கள் தொழிலில் யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் உள்ளதை உள்ளபடியும் சொல்வதில்லை. எனக்கு இவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்டால் அதில் கொஞ்சம் கூட்டித்தான் கேட்பேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கிற உபரிக்குப் பெயர் மார்ஜின், அதற்கும் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வைக்கிற உபரிக்குப் பெயர் பாக்கெட். அடுத்தவர் பாக்கெட்டில் ஏதோ இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. பாக்கெட் இல்லாத பொறியாளரை நான் பார்த்ததே கிடையாது, இன்று காலை வரைக்கும். எனக்கும் காஜா பாய்க்கும் இதுதான் பிழைப்பு. அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரே தொட்டியிலிருந்துதான் இரண்டு பேரும் குடிக்க வேண்டும். "ஏம்மா, ஒம் பாக்கெட்ல எவ்வளவு கெடக்கு?" என்பார். ஒண்ணும் இல்ல பாய் என்பேன். "பொய் சொல்லாத புள்ள, மூஞ்சியில எழுதிக் கெடக்கு." சரி, உங்க பாக்கெட்ல எவ்வளவு பாய் என்று கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார், உள்ளே மூக்குக்கண்ணாடியும் இஞ்சி மிட்டாயும் இருக்கும். "அது எம் மவுத்து வரைக்கும் வெளிய வராது." வரவில்லைதான். மனுஷர் சொன்ன சொல் காப்பாற்றினார். மவுத்தாகி அடக்கமும் ஆன பிறகு ஒரு காந்திகிராமத்துப் பையன் வந்து, தொட்டிக்கு அடியில் கையை விட்டு, அவர் வைத்துவிட்டுப் போனதை எடுத்து ஊருக்கே பங்கு வைத்துவிட்டான். பாய், நீங்கள் போனதைக்கூட மன்னித்துவிடலாம், சொல்லாமல் கொள்ளாமல் போனீர்களே, அதைத்தான்.

ஆனால் நான் செய்ததும் இருக்கிறதே. கஸ்டமரின் சேட்டிலைட் கனத்துவிட்டது என்று தாணு சார் எல்லோரையும் கூப்பிட்டார். தாணு சார்தான் எங்கள் இயக்குநர், நாகர்கோவில்காரர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "பிள்ளைகளா, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்றார். மொய் எழுத வேண்டிய இடத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எதிலிருந்து கொடுப்பது? இறங்குவதற்கு என்று வைக்கிற எரிபொருள் ஏறும்போது வெறும் சுமை, அதைத் தூக்கவே எரிபொருள் ஆகிறது, அதனால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து இறக்கலாம் என்றால் இன்னும் நிறைய வேண்டும். கடலில் இறக்கினால் மிச்சம்தான், ஆனால் அலை மேடையைத் தூக்கிப் போடும். எங்கள் எஞ்சினை எவ்வளவு அடக்கினாலும் அடங்காது, தொட்டி காலியாகி இலேசாகிவிட்ட பூஸ்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலேதான் போகப் பார்க்கும், அந்தரத்தில் நின்று இடம் பார்த்து நிதானமாக இறங்குவதெல்லாம் முடியாது. கடைசி நேரத்தில் பற்றவைத்து, வேகம் செத்துப் போகிற இடமும் மேடையும் ஒன்றாக இருக்கும்படி செய்ய வேண்டும். கொஞ்சம் முன்னால் பற்றவைத்தால் எரிபொருள் வீண், கொஞ்சம் பின்னால் பற்றவைத்தால் மேடையில் ஓட்டை. காலைக் கனமாகச் செய்தால் தடாலென்று விழுந்தாலும் தாங்கும், ஆனால் அந்தக் காலையும் வானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வர வேண்டும். தலையை மூடினால் கால் வெளியே வருகிற போர்வைதான் எப்போதும். "கால்ல கொஞ்சம் செதுக்கித் தாரேன் சார்" என்று தவசி முனகினான். அப்போது நான் எழுந்து, லேண்டிங் எரிபொருளில் என் பங்கு இவ்வளவு என்று சொன்னேன். பெரிய பங்கு, என் பாக்கெட்டில் கிடந்ததும் சேர்த்து. கைதட்டினார்கள், எனக்கு, லேண்டிங்குக்கு. நான் எதையும் தியாகம் செய்யவில்லை. பாயின் பாக்கெட் தொட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, ஆபத்துக்கு அது உதவும் என்ற தைரியத்தில் கர்ணன் வேஷம் போட்டேன். அதற்கப்புறம் வினோபா அதே எரிபொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒரே எரிபொருளை இரண்டு பேர் தானம் செய்திருக்கிறோம். இது அவனுக்குத் தெரியாது, தாணு சாருக்குத் தெரியாது, இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அநேகமாக இறங்கிவிடும். அலை இல்லை, கீழ்க்காற்று இல்லை, எல்லாம் கணக்குப்படி நடந்தால் கடைசிச் சொட்டில் கால் ஊன்றிவிடும், காலையிலிருந்து மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அநேகமாக என்றுதான் வருகிறது. அநேகமாக என்பது என்ன சொல். பஸ் அநேகமாக வரும், மாப்பிள்ளை வீட்டார் அநேகமாகச் சம்மதிப்பார்கள், எனக்கு ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். பூஸ்டர் கொஞ்சம் ஒதுங்கி வந்து அதைச் சரிசெய்யக் கொஞ்சம் எரிபொருள் கூடச் செலவானால் மேடைக்கு மேலேயே எஞ்சின் அணைந்துவிடும், அப்புறம் அது ராக்கெட் இல்லை, உயரமான ஒரு இரும்புக் குழாய். யாரும் சாகப் போவதில்லை, மேடையில் ஆள் கிடையாது, மீட்புக் கப்பல் எங்கோ தள்ளி நிற்கிறது, சேட்டிலைட்டும் அதற்குள் பத்திரமாகப் போயிருக்கும். ஆனால் இந்த முறை நிற்கவில்லை என்றால் லேண்டிங் பிரிவே வேண்டாம் என்று பணம் போட்டவர்கள் சொல்லியாகிவிட்டது. அப்புறம் விசாரணை. எந்த எண் மாறியது, யார் மாற்றினார்கள் என்று கேட்பார்கள், வினோபா மாற்றினான், அவன் பெயர்தான் வரும். நான் கொடுத்தது எல்லோர் முன்னாலும், கைதட்டலோடு கொடுத்தது, அவன் செய்தது மட்டும் தனியாகத் தெரியும். நான் அழகாகத் தப்பித்துவிடுவேன். இது தோன்றியபோது உள்ளே ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், சூடாக, காப்பி இறங்குகிற மாதிரி, அதைக் கண்டு எனக்கே அருவருப்பாகிவிட்டது. தூத்துக்குடி வீட்டில் அம்மா சுவர்க்கடிகாரத்தை வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைத்திருப்பாள். நாங்கள் தாமதமாகக் கூடாது என்பது அவள் எண்ணம், அது முந்தி ஓடுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். ஒருநாள் அப்பா பேட்டரி மாற்றினார், ரேடியோவைக் கேட்டுச் சரியான நேரம் வைத்தார், யாரிடமும் சொல்லவில்லை, சரியான நேரம் வைத்ததை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? நானும் தங்கச்சியும் ஸ்கூல் பஸ்ஸை விட்டோம். அன்றைக்கு வீடே சேர்ந்து அப்பாவைத் திட்டியது. மனுஷர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், சரியாகத்தானே ஓடுகிறது என்று.

சொல்லிவிடலாம். என்ன என்று சொல்வது? செத்துப்போன ஒருத்தர் ஒளித்து வைத்ததை நம்பிக் கணக்குப் போட்டேன் என்று, இத்தனை பேர் காதிலும் விழுகிற லைனில்? ராக்கெட்டை நிறுத்தி, நிரப்பிய எரிபொருளையெல்லாம் வடித்து, மறுபடி முதலிலிருந்து. கஸ்டமர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவான். இருபது வருஷ அனுபவம் என்று பேர், செய்த காரியம் இது. காஜா பாய் இருந்திருந்தால் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், அவர் இருந்திருந்தால் சொல்லவே வேண்டியிருக்காது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனவர் பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆபீஸ் வேனில் மேலப்பாளையம் போனோம், ஆண்களெல்லாம் மையத்தைத் தூக்கிக்கொண்டு அடக்கத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் உள்ளே பெண்கள் இருந்த அறையில், யாரையும் தெரியாமல், செருப்பை எங்கே விட்டேன் என்றுகூட நினைவில்லாமல். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா ஜெசிந்தா? ஒங்களோட சண்டை போட்டத தெனமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக." அவர் வீட்டில் நான் தினமும் இருந்திருக்கிறேன். என் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்ல யார் இருந்தார்கள், குக்கரிடமா சொல்வேன். அங்கே அழுகை வரவில்லை, வேனில் வரும்போது வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போனதற்கப்புறம் யாரும் என்னோடு பேரம் பேசுவதில்லை. இவ்வளவு வேண்டும் என்றால் சரிங்க மேடம் என்கிறார்கள், இவ்வளவு தருகிறேன் என்றாலும் சரிங்க மேடம். மூஞ்சியில் எழுதியிருப்பதைப் படிக்க ஒரு ஆள் இல்லாமல் வெறும் எண்களாக இருப்பது எவ்வளவு தனிமை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வினோபா ஒருத்தன்தான் வந்து உட்கார்கிறான், சட்னியில் காரமில்லை என்கிறான், என் தட்டைத் தூக்கிப் போய் வைக்கிறான். அவனைத்தான் பலி கொடுக்கப் பார்க்கிறேன். இல்லை, பார்க்கவில்லை, இன்னும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமலிருந்தாலே போதும், அதுவாக நடந்துவிடும், அதுதான் பயமாக இருக்கிறது. காற்று அடங்காமலே இருக்கட்டும் மாதாவே, இன்றைக்கு முழுக்க அடங்காமலே இருக்கட்டும், நாளைக்கு யோசித்துக்கொள்கிறேன்.

அடங்கிவிட்டதாம். பலூன்காரர்கள் சொல்கிறார்கள், அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் என்ன குதூகலம். நாற்காலிகள் நகர்கின்றன, யாரோ இருமுகிறார், ஹெட்செட்டில் தாணு சார் குரல் வருகிறது, ஒவ்வொரு பிரிவாகக் கேட்பார், ரெடி என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை. "எஞ்சின்?" ரெடி சார் என்கிறான் வினோபா, பளிச்சென்று, ஒளிவுமறைவு இல்லாத குரலில். "வழிகாட்டல்?" ரெடி. "கால்?" தவசியின் பின்மண்டை ஒரு தடவை அசைகிறது, ரெடி சார். "லேண்டிங்?" அநேகமாக சார் என்று சொல்ல முடியுமா, அப்படி ஒரு பதில் கிடையாது. ரெடி என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும், எல்லோரும் திரையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள், யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதானே இத்தனை நாளும் அழுதேன். "லேண்டிங், ஜெசிந்தா?"

"ரெடி இல்ல சார்" என்கிறேன். என் குரல்தான், காதுக்குள் எனக்கே திரும்பிக் கேட்கிறது. "என்னம்மா, சென்சாரா?" இல்ல சார், நான்தான் என்கிறேன். "லேண்டிங்குக்கு எரிபொருள் பத்தாது சார். காஜா பாய் தொட்டிக்கு அடியில கூடுதலா வச்சிருப்பாருன்னு நம்பித்தான் அன்னைக்கு என் பங்க அவ்வளவு விட்டுக் குடுத்தேன். அது இப்ப அங்க இல்ல. வினோபா சரியான நம்பரத்தான் போட்டிருக்காரு. தப்பு என்னோடது." வினோபா நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்க்கிறான், அவனுக்கு மெல்லப் புரிவது முகத்தில் தெரிகிறது. தாணு சாரின் குரல் தாழ்ந்துவிட்டது, அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "இன்னைக்கு வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்துங்க." முடிந்தது என்று ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்குகிறேன், அதற்குள் லைனில் இன்னொரு குரல், கரகரவென்று, முன்வரிசையிலிருந்து. "சார், கால் பிரிவு." சொல்லு தவசி என்கிறார் தாணு சார். "நானும் ரெடி இல்ல சார்." இப்பத்தானேப்பா ரெடின்ன? "சொன்னேன் சார். கால அன்னைக்குச் சொன்னதுக்கு மேலயே செதுக்கிட்டேன் சார், வேகமா வந்து விழுந்தா தாங்காது. மேடம் எப்பவும் கொஞ்சம் எரிபொருள ஒளிச்சு வச்சிருப்பாக, எப்படியும் மெதுவா இறக்கிருவாகன்னு அவுகள நம்பித்தான் சார் செஞ்சேன்." என்னை நம்பித்தான். இந்த அறையில் ஒருத்தன் என் மேல் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான், எனக்குத் தெரியாமலே. சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. தவசி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்க்கிறான், கண்ணெல்லாம் பயம், நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான். எங்கிட்ட ஒண்ணுமே இல்ல தவசி என்கிறேன், எல்லோருக்கும் கேட்கிற லைனில்.